ரெண்டு விரல் உயரம்

வண்டி என் பேரில் இருக்கிறது. அதன் புத்தகத்தில் என் பேரை நானே எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் போன பிறகு அந்தக் கார்தான் எனக்குக் கால். வெள்ளிக்கிழமை தோறும் ஓட்டுவதற்கு ஓர் ஆள் வருவார். வலங்கைமானிலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்குப் போவேன். அங்கே என் அக்கா வாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறாள். நான் போகாவிட்டால் அன்றைக்குச் சாப்பிடமாட்டாள்.

காரில் ஏற எனக்கு ஒரு வழி உண்டு. முதலில் உட்கார்ந்துவிடுவேன், பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே வாங்கிக்கொள்வேன். யார் கையும் என் மேல் பட வேண்டியதில்லை.

லீவுக்கு வந்த மகனுக்கு அந்த வண்டி போதவில்லை. வாய்க்கால் ரோட்டில் அடி தட்டுகிறதாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தஞ்சாவூருக்கு ஓட்டிப் போய், பெரிய சக்கரமும் பெரிய டயரும் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். மருமகள் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாள். நசுக்கியாயிற்று, இனி என்ன பேச்சு என்பது போல இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மகனே ஓட்டுவதாக இருந்தது. உட்காரப் போனேன். சீட்டு இடுப்புக்கு மேலே நின்றது. மருமகள் பின்னால் வந்து, "நான் தள்றேன் அத்தை" என்று கை கொடுத்தாள். லாரியில் மூட்டை ஏற்றுகிற மாதிரி ஏற்றினார்கள். எதிர்வீட்டுக்காரி கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"ரெண்டு விரல்தாம்மா ஏறியிருக்கு" என்றான் மகன்.

"அந்த ரெண்டு விரலை என் முட்டியில வச்சுப் பாருடா."

தெருமுனையில் திரும்பும்போது டயர் எங்கேயோ உரசிக் கரகரவென்றது. கேட்டதற்கு, போகப் போகச் சரியாகிவிடும் என்றான். என் முட்டியையும் சேர்த்துத்தான் சொன்னான் போலிருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை அதைவிட மோசம். நான் புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தால், கார்க் கதவுக்குக் கீழே எங்கள் மரக்கால் கவிழ்ந்து கிடக்கிறது. அறுவடையான முதல் நெல்லை அளந்து சாமி முன்னால் வைக்கிற மரக்கால். வெறுமனேகூட அதை வைக்கமாட்டோம், அடியில் ஒரு பிடி நெல்லாவது கிடக்கும். அந்த நெல்லைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்திருக்கிறான்.

"இதுல கால வச்சு ஏறும்மா. நல்ல கனம், ஆடாது."

"நெல்லு அளக்கறதைக் கவுத்துப் போட்டு என்னை மிதிக்கச் சொல்றியா?"

"சும்மாதானேம்மா கெடந்துச்சு."

"நானுந்தாண்டா சும்மா கெடக்கறேன். என்னையும் கவுத்துப் போட்டு நீ ஏறிக்க."

மரக்காலை எடுத்து முந்தானையால் துடைத்து, நெல் போட்டுப் பழைய இடத்தில் வைத்தேன். அன்றைக்குத் திருக்காட்டுப்பள்ளிக்குப் போகவில்லை. சாயங்காலம் அக்கா மகள் போனை அக்கா காதில் வைத்தாள். குழறிய வாயோடு அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்: "வல்லியா?"

விடிந்ததும் மகனை எழுப்பினேன். "டயர் கடைக்கு வண்டியை எடு."

மருமகள் கை நீட்டினாள். வேண்டாம் என்றேன். கதவைப் பிடித்து, மூச்சு வாங்கி, முட்டி கத்தக் கத்த நானே ஏறினேன்.

எங்கள் பழைய சக்கரங்கள் கடைச் சுவரோரம்தான் அடுக்கியிருந்தன. கடைக்காரர் நாற்காலி போட்டார். "உக்காருங்கம்மா. பெரிய சக்கரம் போட்டாத்தாங்க வண்டிக்குக் கம்பீரம்."

"கம்பீரம் எனக்கு இருக்கு தம்பி. வண்டிக்கு வேண்டாம். கழட்டுங்க."

அவர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். கடைசி நட்டு முறுக்குகிற வரைக்கும் நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அங்கிருந்து நேரே திருக்காட்டுப்பள்ளிக்குத்தான் போகச் சொன்னேன். வழியெல்லாம் அவனோடு பேசவில்லை, இன்றைக்கும் சரியாகப் பேசுவதில்லை. அக்கா வீட்டு வாசலில் நானே காலை ஊன்றி இறங்கினேன். அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சக்கரக் கதையைச் சொன்னேன். மரக்காலை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், படுக்கையிலிருந்து எழுந்து வந்து அவனை அடித்திருப்பாள்.