இரண்டாவது ஏடு தொடக்கம்

என் மகள் எழுத மறுத்ததற்குக் காரணம் சரஸ்வதியின் கோபம் என்று நான் நம்பினேன். படித்தவன், கண்ணாடி போட்டவன், வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கொடுத்து வாழ்கிறவன் நான். நம்பியதை நம்பவில்லை என்று இப்போது சொல்வது சரியில்லை.

அந்த நம்பிக்கைக்கு ஒரு சரித்திரம் உண்டு. மகளுக்கு மூன்று வயதில், விஜயதசமியன்று, கோயிலில் ஏடு தொடக்கினோம். ஐயர் அவளை மடியில் இருத்தி, விரலைப் பிடித்துத் தட்டில் பரப்பிய அரிசியில் ‘அ’ எழுத வைத்தார். ‘ஆ’வுக்குப் போவதற்குள் அவள் ஓர் உதை விட்டாள். தட்டு கவிழ்ந்து அரிசி முழுவதும் நிலத்தில். எல்லோரும் ஐயோ என்றார்கள். நான் மட்டும் சிரித்தேன். ஏழு வருடங்கள் கழித்து அந்தச் சிரிப்பு எனக்குள் புளித்துப்போய் எழும்பி வந்தது.

பத்து வயதில் அவள் பள்ளிக்கூடத்தில் எதையும் எழுதி முடிப்பதில்லை. கேள்வியை வாயால் கேட்டால் பதில் சொல்வாள், கேளாத கேள்விக்கும் சேர்த்துச் சொல்வாள். கொப்பியில் மூன்று வரி, பிறகு வெறும் தாள். இடைவேளைகளில் மற்றப் பிள்ளைகள் விளையாட, இவளை வகுப்பில் இருத்தி எழுத வைத்தார்கள். ஒரு நாள் அதைக் கேட்கப் போன நான், கேட்டதோடு நிற்காமல், “நானே வீட்டில வச்சுப் படிப்பிக்கிறன்” என்று பள்ளிக்கூட அதிபரிடம் மார்தட்டிவிட்டு வந்தேன். அதிபர் பொறுமையானவர். தை மாதம் வரை இடம் இருக்கும் என்றார். திரும்பி வரும்போது அவருடைய மேசையில் இருந்து ஒரு பக்கம் எழுதவேண்டும். முடியாவிட்டால் ஒரு வகுப்புக் கீழே, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருக்கவேண்டும்.

ஒரு பக்கம்தானே என்று நினைத்தேன். என் தொழிலே எழுத்து.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் எங்கள் பள்ளிக்கூடம் தொடங்கியது. ஒரு மாணவி, ஓர் ஆசிரியர். மனைவி காலையில் ரயிலேறிக் கொள்ளுப்பிட்டி வங்கிக்குப் போய்விடுவாள். முதல் நாள், முதல் பாடம், ஐந்தாவது வரியில் மகள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“அப்பா, கை நோகுது.”

“எழுதினாத்தானே பிள்ளை நோகும்? நீ இன்னும் தொடங்கவேயில்லையே.”

என் பகிடிக்கு நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை எனக்குள் பதற்றம் ஏறியது. காலி வீதிக் கடையொன்றில் மெல்லிய பென்சில், தடித்த பென்சில், முக்கோணப் பென்சில், மணக்கிற பென்சில் என்று அள்ளிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் சிங்களத்தில், “அண்ணை பள்ளிக்கூடம் திறக்கப் போறாரோ?” என்று விசாரித்தார். திறந்துவிட்டேன், வரவுதான் குறைவு என்றேன். மணக்கிற பென்சிலிலும் மூன்று வரிக்கு மேல் வரவில்லை.

அப்போதுதான் நவராத்திரி வந்தது, எனக்கு ஞானமும் வந்தது. முதல் ஏடு தொடக்கம் கவிழ்ந்துபோனதல்லவா? திரும்பச் செய்தால் என்ன?

“உங்களுக்கு விசரோ?” என்றாள் மனைவி. “பத்து வயசுப் பிள்ளை. வெக்கப்படுவாள்.”

“வெக்கப்பட்டாவது எழுதட்டுமே.”

விஜயதசமியன்று காலை, மூன்று வயதுக் குழந்தைகளின் வரிசையில் என் மகள் நின்றாள். முன்னால் நின்ற குழந்தை அவளுடைய இடுப்பளவுதான். அந்தக் குழந்தையின் தாய் திரும்பிப் பார்த்து, “தங்கச்சிக்குத் துணையா வந்தனீங்களோ, பிள்ளை?” என்று கேட்டார்.

“இல்ல அன்ரி,” என்றாள் மகள். “எனக்குத்தான்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

ஐயரும் மேலும் கீழும் பார்த்தார். “பத்து வயசோ? பள்ளிக்கூடத்தில விடேல்லையோ?”

“விட்டனாங்கள் ஐயா. இது வாகனத்துக்குச் சேர்விஸ் செய்யிற மாதிரி.”

“அப்ப உமக்கும் ஒருக்காச் செய்துவிடட்டோ?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான்தான் பெரிதாகச் சிரித்தேன். மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மடியில் இருத்த முடியாது, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஐயர் விரலைப் பிடித்து ‘அ’ எழுதிவிட்டுக் கையை விட்டார். அதன்பிறகு அவளாக எழுதினாள். விரலால், விறுவிறு என்று, தன் முழுப்பெயரையும் எழுதினாள். உள்ளங்கையால் அரிசியைத் தடவிச் சமன்செய்தாள். மறுபடி எழுதினாள்: ‘அப்பா, வீட்ட போவம்.’

“வடிவான எழுத்து,” என்றார் ஐயர்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுத்தின் வடிவைப் பார்த்தேனே தவிர, எழுதியிருந்ததை வாசிக்கவில்லை. இன்னும் பத்து நிமிடம் நிற்க வைத்துப் பிரசாதமும் வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கொப்பியை விரித்தேன். மூன்று வரி. பென்சில் கீழே.

“நோகுது.”

“அரிசியில எழுதேக்க நோகேல்லையோ?”

“இல்ல.”

“அப்ப இப்ப மட்டும் என்ன?”

“அது பென்சில் இல்லையே, அப்பா.”

பத்து வயதுப் பிள்ளை ஒரே வசனத்தில் முழுவதையும் சொல்லிவிட்டாள். நான் அதை வாய்க்கொழுப்பு என்று எடுத்துக்கொண்டேன். அவளால் எழுத முடியும் என்பதை ஊரே பார்த்துவிட்டது. ஐயரே சாட்சி. ஆகவே இது பிடிவாதம். சரஸ்வதியை விட்டுவிட்டு மகளைப் பிடித்துக்கொண்டேன்.

மார்கழி முழுவதும் ஒரே சட்டம்: ஒரு பக்கம் முடித்தால்தான் மத்தியானச் சாப்பாடு. சோறு ஆறும். ரயில்கள் தெஹிவளைப் பக்கமும் கோட்டைப் பக்கமும் போய் வரும். நான் என் மேசையில் யாருடையவோ விவாகச் சான்றிதழை மொழிபெயர்த்தபடி, “நோகுது மகாராணி இன்னும் எழுதேல்லையோ?” என்று பகிடி விடுவேன். சில நாளில் பக்கம் முடியும். அப்படி முடித்த நாட்களில் அவள் வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். அதையும் பார்த்தேன். அதற்கும் ஒரு பகிடி விட்டேன். என்னவென்று எழுதக் கை வரவில்லை.

ஓர் இரவு மனைவி, “இஞ்சருங்கோ, இவளின்ர பெருவிரலைப் பாருங்கோ, வீங்கின மாதிரிக் கிடக்கு,” என்றாள்.

“எழுதிறவன்ர விரல் அப்பிடித்தான்,” என்று என்னுடைய காய்ப்பைக் காட்டினேன்.

மார்கழி நடுவில் இருந்து அவள் “நோகுது” என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். வைத்தியம் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

தை மாதம் அதிபரின் மேசையில் அரைப் பக்கம் எழுதினாள். பிறகு பென்சிலை மெல்லமாக, உருண்டு போகாதபடி அழிறப்பரை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டாள். அதிபர் காத்திருந்தார். அவள் பென்சிலை எடுக்கவில்லை. அழவும் இல்லை.

அடுத்த கிழமை மனைவி என்னைக் கேட்காமலே பொரளையில் ஒரு டொக்டரிடம் நேரம் எடுத்தாள். நானும் பின்னால் போனேன். டொக்டர் மகளின் பெருவிரலைப் பிடித்து மெதுவாகப் பின்னால் வளைத்தார். அது எந்தத் தடையுமில்லாமல் போய் மணிக்கட்டைத் தொட்டது. பிறவியிலேயே மூட்டுகள் தளர்வு, பென்சிலை இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் மூட்டு விலகப் பார்க்கும், நோகும் என்றார். பிறகு அவளிடம், “எப்ப இருந்து நோகுது, மகள்?” என்று கேட்டார்.

அவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு, “முதல்ல இருந்தே,” என்றாள்.

“அப்பாட்டச் சொல்லேல்லையா?”

எல்லா இடத்திலும் ஏதாவது சொல்கிறவன் நான். அங்கே சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். மகள் வலது கையைத் திரும்பவும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லையோ, களைத்துப்போனாளோ, தெரியாது. கேட்கும் துணிவு இன்றுவரை வரவில்லை.

இப்போது அவள் ஒரு வகுப்புக் கீழே படிக்கிறாள். விரலுக்கு ஒரு சின்னப் பட்டி போடுகிறாள். நீளமானதைக் கணினியில் தட்டுகிறாள், மற்றதைக் கையால் எழுதுகிறாள். பங்குனியில் ஒரு நாள் மாடிப்படியில் விழுந்து முழங்காலில் தோல் உரிந்துவிட்டது. நான் வீட்டில்தான் இருந்தேன், பத்து அடி தூரத்தில். என்னைக் கடந்து போய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா வங்கியிலிருந்து வரும்வரை இருந்தாள். வந்ததும் அம்மாவிடம் சொன்னாள்.