சேலையில் கட்டிய கூண்டு

விளாங்குடி சிவனாண்டியின் குட்டைக் கொய்யா மரத்தில் கிளிகள் ஒரு பழம்கூட மிச்சம் வைப்பதில்லை. "காசு குடுத்து வலை வாங்க நான் என்ன கிறுக்கனா?" என்றவர், மூங்கில் ஊன்றி, இறந்துபோன மனைவி ஜெயக்கொடியின் நைலக்ஸ் சேலைகளை மேலேயும் சுற்றிலும் கட்டிக் கூண்டாக்கினார். முன்பெல்லாம் கிணற்றடியில் அவள் குளிப்பதற்கு இப்படித்தான் மறைப்புக் கட்டித் தருவார்.

கிளிகள் வரவில்லை. ஆனால் பழம் பறிக்கப் போகும்போதெல்லாம் சேலை அசையும். அவர் தயங்கி நின்று, குளிக்கிறவளுக்குக் கேட்கட்டும் என்பதுபோல் கனைப்பார். பிறகு திரும்பிவிடுவார்.

பழவாசனை தெருவரைக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அழகுபாண்டி, "அண்ணே, அம்புட்டும் உள்ளயே அழுகுது. நான் பறிக்கட்டுமா?" என்று சேலையை விலக்கப் போனான்.

"கையை எடுடா!" என்று சீறிய சிவனாண்டி, உடனே குரலைத் தாழ்த்தினார்.

"அவ இன்னும் வெளிய வரல."