சுவரோரம் இரண்டு பேர்

திண்டிவனத்தில் அப்போது டெலிபோன் வைத்திருந்தவர்கள் யார் என்று என்னைக் கேட்டால், கூரையில் பூனை நடந்தாலும் போலீஸ் ஓடி வர வேண்டும் என்று நினைத்தவர்கள் என்றுதான் சொல்வேன். எண்பதுகளின் நடுவில், ஒரு மார்கழியில், வீடு புகுந்து திருடுகிறார்கள் என்ற புகார்கள் அதிகமானதால், விழுப்புரத்திலிருந்து என்னை ஒரு வாரம் அங்கே இரவு ரோந்துக்கு அனுப்பினார்கள். நான் தலைமைக் காவலர். மக்கள் வாயில் ஏட்டு. பி.ஏ. படித்தவன் என்பதை இங்கே ஒரு தடவை சொல்லி வைக்கிறேன். அங்கே யாரும் கேட்கவில்லை.

அந்த ஏழு இரவுகளில் ஸ்டேஷனுக்கு வந்த அழைப்புகள் பதினான்கு. எண்ணுவது என் பழக்கம். இன்றும் மாத்திரையை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துத்தான் விழுங்குகிறேன். பதினான்கில் திருடன் ஒருவன்கூட இல்லை. அரிசி மில்காரர் வீட்டு மொட்டை மாடியில் ஏறியவன், இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு வந்த அவருடைய சொந்த மகன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி வைத்திருந்தவர் வீட்டுப் பின்கதவைத் தட்டியது முருங்கைக் கிளை. ஒரு வக்கீல் மூன்று இரவுகள் கூப்பிட்டார், மூன்றும் நாய். நாங்கள் போய் நின்றால் இவர்கள் கிரில் கதவைத் திறக்க மாட்டார்கள். உள்ளேயிருந்தே டார்ச் அடித்து, போலீஸ்தானா என்று விசாரிப்பார்கள். நாங்கள் தொப்பியைக் காட்ட வேண்டும்.

எங்கள் ரோந்தும் அவர்களுக்கு ஏற்றதுதான். தெருமுனைக்குத் தெருமுனை விசில் ஊதி, விளக்குக் கம்பத்தில் லத்தியால் தட்டிக்கொண்டே போவோம். நாங்கள் வருவதைத் திருடனுக்குத் தெரியப்படுத்த இதைவிட மரியாதையான வழி கிடையாது.

சப் இன்ஸ்பெக்டர் என்னைவிட மிகவும் இளையவர். திருடன் அகப்படாத குறையை அவர் வேறு விதமாக நிரப்பினார். விடிவதற்குள் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு சந்தேகக் கேஸ் உட்கார்ந்திருக்க வேண்டும். சந்தேகக் கேஸ் என்றால், ராத்திரியில் வெளியே நின்று, ஏன் நிற்கிறாய் என்ற கேள்விக்கு அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லத் தெரியாதவன். முதல் ஐந்து இரவுகளில் ஐந்து பேர் அப்படி உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட அனந்தபுரத்து வெற்றிலை வியாபாரி. காலையில் எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். எதைப் பற்றி எச்சரித்தார்கள் என்று அந்த வியாபாரிக்கு இன்று வரை தெரிந்திருக்காது.

ஆறாவது இரவு, ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பின்புறச் சந்திலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. தம் வீட்டுச் சுவரோரம் ஒருவன் வெகு நேரமாக நின்று எதிர்ப்புறத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றார். ஜீப்பில் போனோம்.

முப்பது வயது இருக்கும். லுங்கி, தலையில் துண்டு, கையில் ஒயர் கூடை. அதில் ஒரு பிளாஸ்க்கும் பழைய சேலைகளும். மரக்காணத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து வந்தவன்; கடலுக்குப் போகிறவன். பெண்சாதி உள்ளே பிரசவ வலியில் கிடந்தாள். ராத்திரியில் ஆண்களை உள்ளே விடுவதில்லை. எது வேண்டுமானாலும் ஆயா சந்துப் பக்கத்து ஜன்னலைத் திறந்து, ஊர்ப் பேரைச் சொல்லிக் கத்துவாள். ஆள் இருந்தால் முன்வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னல் மூடிவிடும். இதுதான் அந்த ஆஸ்பத்திரியின் ஏற்பாடு.

அவன் சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே சொன்னான்: "கொழந்த குறுக்கால கெடக்குது சார். கத்தி வெக்கணும்னா புருசன் கைநாட்டு வேணும்னு டாக்டரம்மா சொல்லிக்கிறாங்க. கூப்புடறப்ப நான் இல்லன்னா அவ கதி இன்னா சார்? மொதல் கொழந்தயும் தங்கல."

"எல்லாத் திருடனுக்கும் பொண்டாட்டி புள்ளத்தாச்சிதான்," என்றார் சப் இன்ஸ்பெக்டர். "ஏத்துய்யா வண்டியில."

உள்ளே ஒரு வார்த்தை விசாரித்தால் போதுமே என்று நான் சொன்னேன். முன்வாசல் பூட்டியிருந்தது, வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு வாட்ச்மேனை எழுப்புவதற்காகத் தாம் யூனிபார்ம் போடவில்லை என்று பதில் வந்தது. நியாயம் பேசினால் இவரிடம் எடுபடாது என்று புரிந்தது. எனவே அவருக்குப் பிடித்ததைச் சொன்னேன்.

"ஆள நான் காவல்ல வெச்சிக்கினு இங்கயே நிக்கிறேன் சார். விடிஞ்சதும் இட்டுக்கினு வர்றேன். கணக்குல ஒண்ணு வந்துடும்."

கணக்கில் ஒன்று என்றதும் அவர் முகம் தெளிந்தது. ஜீப் போய்விட்டது.

சந்தில் பனி இறங்கியது. நான் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மப்ளரைத் தலையில் சுற்றினேன். போதவில்லை. அவன் கூடையிலிருந்து ஒரு சேலையை எடுத்துப் போர்த்திக்கொள்ளச் சொன்னான். குழந்தையைத் துடைக்க வைத்திருந்த சேலை. முதலில் வேண்டாம் என்றேன், பிறகு வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எங்களுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப்புறம், அதிகாரி தூங்கவில்லை. மறுபடியும் போன் செய்திருக்கிறார். போலீஸ் வந்து போன பிறகு ஒருவன் இரண்டு பேராகிவிட்டான், ஒருவன் புடவையில் இருக்கிறான், கூட்டம் சேர்கிறது என்று. ஸ்டேஷனில் மேஜைமேல் தலை வைத்துத் தூங்கிய சப் இன்ஸ்பெக்டரை எழுப்பிச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சுவரோரம் இரண்டு பேரை நிறுத்திவிட்டு வந்ததே தாம்தான் என்பது அவர் நினைவில் இல்லை.

விளக்கை அணைத்துக்கொண்டு ஜீப் சந்துக்குள் நுழைந்தது. அந்த வாரத்தில் ஓசையில்லாமல் செய்த ரோந்து அது ஒன்றுதான். முதல் அடி என் தோளில் விழுந்தது. ஒரு கான்ஸ்டபிள் குப்பத்து ஆளைக் கீழே தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினான். ஜன்னல் திறந்தது அப்போதுதான்.

"மரக்காணத்து ஆளு யாருய்யா? கைநாட்டு வெக்கணும், ஜல்தி வா."

அவன் தரையில் கிடந்தபடி, இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. ஆயா இருட்டைப் பார்த்துவிட்டு ஜன்னல் கதவை இழுத்தாள்.

"ஆளு இருக்காரும்மா, மூடாத," என்று நான் கத்தினேன். சப் இன்ஸ்பெக்டரின் டார்ச் என் முகத்துக்கு வந்து, சேலைக்கு இறங்கி, அதற்குக் கீழே தெரிந்த காக்கியில் நின்றது. கான்ஸ்டபிள் முழங்காலை எடுத்தான். குப்பத்து ஆள் எழுந்து முன்வாசலுக்கு ஓடினான். நானும் ஓடிப் போய், லத்தியால் அந்தக் கதவைத் தட்டி வாட்ச்மேனை எழுப்பினேன். ஒரு வாரம் கம்பங்களைத் தட்டியதில் கிடைக்காத பயன் அந்தத் தட்டலில் கிடைத்தது.

திரும்பி வந்தபோது அதிகாரி கிரில்லுக்குள் நின்று, "புடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

"புடிச்சிட்டோம் சார். ஒருத்தன் ஏட்டு," என்றேன்.

சப் இன்ஸ்பெக்டர் மன்னிப்பு கேட்டாரா என்று சிலர் என்னைக் கேட்டதுண்டு. பணி நேரத்தில் சேலை அணிந்ததற்கு விளக்கம் கேட்டு விழுப்புரத்துக்கு மெமோ அனுப்பினார். விளக்கம் மூன்று பக்கம் எழுதினேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அன்று ஜீப் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். கோயில்களில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கிய நேரத்தில் குப்பத்து ஆள் வெளியே வந்தான். பெண் குழந்தை. பெண்சாதிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை, ஆனால் பயமில்லை என்று டாக்டரம்மா சொன்னாராம். அவன் முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. நல்ல செய்தி சொல்ல வந்தான் என்றுதான் நினைத்தேன். அவன் லுங்கியை இறக்கிவிட்டு, கை கட்டி என் முன்னால் நின்றான்.

"அவ கண்ணு முழிக்க மத்தியானம் ஆவுமாம் சார். அதுக்குள்ள ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வந்துடலாம். நான் ரெடி."

போக வேண்டாம், உள்ளே போய் அவள் பக்கத்தில் இரு என்றேன். அவனுக்கு அது விளங்கவில்லை. நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் பணிவாகக் கேட்டான்:

"ஜீப்பு வருங்களா சார், இல்ல நடந்தே போவணுமா?"