நாலு நாற்பதுக்கு அறுபத்தொன்று

படித்துவிட்டு "சும்மா அளக்கிறான்" என்று நீங்கள் சொல்லலாம். தாராளமாகச் சொல்லுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நான் எலெக்ட்ரீஷியன். டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் எந்த வயரையும் தொடுவேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம். ஆனால் இது என் அக்காவுக்கு நடந்தது. நடுராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில். பாதியை நானே கண்ணால் பார்த்தேன்.

அக்கா மகளுக்கு அப்போது இரண்டு வயது. பிறந்ததிலிருந்தே தசையில் பலமில்லை, சளி கட்டினால் இருமித் துப்பத் தெம்பிருக்காது. சாதாரணமாக வந்த ஒரு காய்ச்சல் அவளை எழுபத்தொரு நாள் ஐ.சி.யூவில் படுக்கவைத்தது. தொண்டையில் துளை போட்டு ஒரு குழாய் வைத்தார்கள். பாலுக்கு வயிற்றில் இன்னொரு குழாய். அந்த எழுபத்தொரு நாளும் அக்காவுக்குப் பெயரே கிடையாது. நர்ஸ், வாட்ச்மேன், மருந்துக்கடைக்காரர், எல்லோருக்கும் அவள் ஏழாம் பெட் அம்மா. பக்கத்துக் கட்டிலில் நாலு வயதுப் பையன். அவனுடைய அம்மா எட்டாம் பெட் அம்மா. இருவரும் வெளியே பெஞ்சில் ஒரே போர்வைக்குள் கிடந்தார்கள். "ஏய் ஏழு, சாப்டியா?" என்பாள் அவள். "நீ சாப்பிட்டா நானும் சாப்பிடறேன் எட்டு" என்பாள் இவள். அந்த நரகத்திலும் இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

பாப்பாவுக்கு டிஸ்சார்ஜ் கிடைத்தது. எட்டு கட்டிப்பிடித்து அனுப்பிவைத்தாள். பதினாலாவது நாள் அவள் பையன் போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்து எட்டு ஒரு பெட்டியோடு வந்தாள். விரலில் கிளிப்பை மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற மானிட்டர். பையன் வீட்டுக்கு வந்தால் வேண்டுமே என்று முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறாள்.

"பிரிக்கவே இல்லை ஏழு. பாப்பாவுக்காவது உதவட்டும்."

பெட்டியின் டேப்பைக் கிழித்தது நான்தான். உள்ளே பிளாஸ்டிக் உறைகூடக் கசங்கவில்லை. பையனின் விரல் அதில் பட்டதே இல்லை.

பாப்பாவுக்கு எப்போதும் 97 அல்லது 98. தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் மானிட்டர் கத்தும். அக்கா ஓடிவந்து, சளி உறிஞ்சும் மெஷினை வைத்துத் தொண்டைக் குழாயைச் சுத்தம் செய்வாள். அந்த எண்ணை நம்பித்தான் அவள் குளிப்பதும் சமைப்பதும்.

நாலாவது நாள். மாலை 4.40.

டீ... டீ... டீ...

அக்கா அடித்துப்பிடித்து ஓடிவந்தாள். திரையில் 61. பாப்பாவோ உதடு சிவக்கச் சிரித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். கிளிப் சரியாகத்தான் இருக்கிறது. 61... 57... 50... சரியாக 4.47க்கு வெறும் கோடு. அப்புறம் தானாகவே 98.

மறுநாளும் 4.40. அதே 61.

என்னைக் கூப்பிட்டாள். பிளக்கை மாற்றினேன். பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன். புதுக் கிளிப் வாங்கி மாட்டினேன். கம்பெனிக்காரர் காலை பதினொரு மணிக்கு வந்து, "நல்லாத்தானே இருக்கு" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மாலை ஆனதும் பழையபடி கத்தியது.

"உன் விரல்ல மாட்டுடா" என்றாள் அக்கா.

நான் மாடு மாதிரி இருக்கிற ஆள். மாட்டினேன்.

58.

"எனக்கு ஒண்ணும் செய்யலையேக்கா..." என்றேன்.

எதுவும் பழகிவிடும், அதுதான் கொடுமை. பத்தாவது நாளுக்குள் அக்கா 4.40க்கு வந்து சத்தத்தை அணைத்துவிட்டு, அந்த ஏழு நிமிடமும் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கப் பழகிவிட்டாள். அந்த ஏழு நிமிடத்தில்தான் பாப்பாவின் குழாய் அடைத்துக்கொண்டது. திரையில் 57. நேற்றும் 57 தானே? ஏதோ தோன்றித் திரும்பினாள். பாப்பாவின் உதடு நீலமாகியிருந்தது.

எப்படி உறிஞ்சினாள், எப்படிக் குழாயை மாற்றினாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. பாப்பா பிழைத்தாள். அக்கா வாயில் துண்டை அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் கேட்டால் குழந்தை பயந்துவிடுமே.

இனி அந்த மெஷின் வீட்டில் இருக்கக் கூடாது. ஆனால் கொடுத்தவளிடம் என்னவென்று சொல்வது? போனில் சுற்றிவளைத்து ஆரம்பித்தாள். சாயங்காலமானால் மானிட்டர் தப்பாகக் காட்டுகிறது என்றாள்.

"நாலு நாப்பதுக்கா?" என்றாள் எட்டு.

"...ஆமா."

"எவ்ளோ காட்டுது?"

"அறுபத்தொண்ணு."



"சீட்டைக் குடுத்து மருந்து வாங்கிட்டு வான்னு என்னைக் கீழ அனுப்பினாங்க ஏழு. கிளம்பறப்ப அறுபத்தொண்ணு. வரிசையில நிக்கறேன், கடிகாரத்துல நாலு நாப்பத்தேழு. அப்பவே வயித்துல தெரிஞ்சுபோச்சு. இருந்தும் மருந்தை வாங்கிட்டுத்தான் மேல போனேன்."

அன்றைக்கே வந்து மெஷினை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டாள். "இந்தத் தடவை நான் கீழ போகமாட்டேன்" என்றாள். தன் பிள்ளை உயிரோடிருப்பதே ஏதோ தப்பு செய்ததுபோல் இருந்தது அக்காவுக்கு. பாப்பாவுக்கு வேறு மானிட்டர் வாங்கினார்கள்.

மறுநாள் 4.50க்கு போன் வந்தது.

"ஏழு, கிளிப்பை உள்ளங்கையில பொத்தி வெச்சிருந்தேன். அறுபத்தொண்ணுலயே நின்னுச்சு. இறங்கலை."

"நல்லது எட்டு" என்றாள் அக்கா. வேறென்ன சொல்வாள்?

அடுத்த நாள், "எழுபது."

அதற்கடுத்த நாள், "எண்பத்திரண்டு. முதுகைத் தட்டிக்கிட்டே இருந்தேன்."

யார் முதுகை? அக்கா கேட்கவில்லை.

"தொண்ணூத்தஞ்சு. ஆக்சிஜனைக் குறைச்சாச்சு."

பிறகு ஒரு நாள்...

"தொண்ணூத்தெட்டு! நாளைக்கு டிஸ்சார்ஜுன்னு சொல்லிட்டாங்க ஏழு!"

"யாரு... யாரு சொன்னாங்க?"

போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் மாமா லீவு போட்டுப் பாப்பாவோடு இருந்தார். அக்காவை பைக்கில் ஏற்றிக்கொண்டு எட்டின் வீட்டுக்குப் போனேன். மகன் போன பிறகு அவள் குடிவந்த மாடி வீடு. மணி 5.25. கதவு பூட்டியிருந்தது. கீழ்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

"இப்பதானே கிளம்பினாங்க. பையனை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்துட்டாங்க. இடுப்புல வெச்சிருந்தாங்க. பாவம், கழுத்துல கட்டு..."

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போனாங்க?"

"ஏழாம் பெட் பாப்பாவைப் பார்க்கப் போறோம்னாங்க."

அக்கா மாமாவுக்கு போன் போட்டாள். இரண்டு தடவை தப்பு நம்பர்.

"யாரும் வரலையே" என்றார் மாமா. "ஆனா பாப்பாதான்... கதவையே பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கா."

மணி 5.31.

எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியாது.

பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். 98.

அக்கா அவளை எடுத்து மடியில் போட்டவள், விடியும்வரை இறக்கவில்லை.

எட்டை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

மூன்றாம் நாள் நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எட்டாம் பெட் ஒரு வாரமாகக் காலி, அந்த அம்மா வரவேயில்லை என்றார் நர்ஸ். சொல்லிவிட்டு, டிஸ்சார்ஜ் நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

நாங்கள் அவள் வீட்டுக்குப் போன அதே தேதி. மாலை 4.40. எட்டாம் பெட். 'குழந்தை தாயிடம் ஒப்படைக்கப்பட்டது.' பக்கத்தில் எட்டின் கையெழுத்து.

"இதை நாங்க யாரும் எழுதலை" என்றார் நர்ஸ்.

அடுத்த வரியையும் அதே கைதான் எழுதியிருந்தது.

ஏழாம் பெட். பாப்பாவின் பெயர். மாலை 4.40.

தேதி மட்டும் போடவில்லை.

அக்காவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. தினமும் நாலரை மணிக்கு ஏதாவது ஒரு சாக்கு சொல்லி அவள் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.