பஃபலோவுக்கு ஆறாவது இடம்

ஹரிப்பிரியாவுக்குக் குரல் போனது நவம்பர் முதல் வாரத்தில். போகவே கூடாத வாரம் அது.

அமெரிக்க ஃபுட்பால் செப்டம்பரில் தொடங்கும். முப்பத்திரண்டு அணிகள். நவம்பர் பிறக்கும்போது பாதிக் கிணறு தாண்டியிருப்பார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கிற ஒவ்வொருவரும் அந்த வாரம் ஒரு தரவரிசை போட்டாக வேண்டும். யார் முதலிடம், யார் கடைசி, ஜனவரியில் ப்ளேஆஃபுக்குள் யார் நுழைவார்கள், அங்கே யார் யாரைச் சாய்ப்பார்கள் என்றெல்லாம் ஆரூடம் சொல்ல வேண்டும். ப்ளேஆஃபில் ஒருமுறை தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் அந்த ஆரூடத்துக்குத் தனி மவுசு.

ஹரிப்பிரியா அந்த ஆரூடத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். சிட்னியின் மேற்குக் கோடியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிற வீட்டின் பின்னறைதான் அவளுடைய ஸ்டூடியோ. யூடியூப் சேனலின் பெயர் ‘பத்து கஜம்’; நான்கு முயற்சிக்குள் பந்தை முன்னேற்றியாக வேண்டிய தூரம் அது. பார்க்கிறவர்கள் அதிகமில்லை. டல்லாஸில் கொஞ்சம் பேர், நியூஜெர்சியில் கொஞ்சம் பேர், சிங்கப்பூரில் நாலைந்து பேர். மெல்போர்ன் கிரான்பர்னில் சுபாங்கன் என்றொரு யாழ்ப்பாணத்துப் பையன். நேரலைக்கு இவன்தான் முதல் ஆளாய் வந்து, கடைசி ஆளாய்ப் போவான்.

ஈரோட்டுப் பெண்ணுக்கும் இந்த ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதவர்கள் இல்லை. புள்ளியியல் மேற்படிப்புக்காக அவள் போய் இறங்கிய ஊர் பஃபலோ. முதல் குளிர்காலத்தில் பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாமல் அறையில் முடங்கிக் கிடந்தவளை, கூடப் படித்த பெண் ஒருத்தி மைதானத்துக்கு இழுத்துப் போனாள். பஃபலோ அணி அன்று தோற்றது. கொட்டுகிற பனியில் பக்கத்து இருக்கைக் கிழவர் தேம்பித் தேம்பி அழுதார். முன்வரிசையில் ஒரு போலீஸ்காரர் அழுதார். ஒருமுறைகூடக் கோப்பையைத் தொடாத அணி. ஒரு காலத்தில் தொடர்ந்து நான்கு வருடம் இறுதி ஆட்டம் வரை போய் நான்கிலும் தோற்ற அணி. ஊரே சேர்ந்து அழுவதை அன்றுதான் அவள் பார்த்தாள். தானும் அழுதாள். அதற்குப் பிறகு அந்த ஊர் அவளுக்கு அந்நியமாக இல்லை.

சிட்னிக்கு வந்து, பரமட்டாவில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பித்து விடவில்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமை நடப்பது இங்கே திங்கள் காலை. அதற்காகவே திங்கட்கிழமை விடுப்பாக இருக்கும்படி வேலை நாட்களை மாற்றி வாங்கியிருந்தாள்.

கணவன் சேகர் மதுரைக்காரன். மெக்கானிக்கல் என்ஜினியராக வந்தவன், இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுகிறவர்களைச் சிரிக்க வைப்பதில் அவனுக்கு இணை கிடையாது. ஆனால் இந்த ஆட்டம் அவனுக்குச் சுத்தமாகப் பிடிபடாது. “முட்டிக்கிட்டு விழறாங்க, எந்திரிக்கிறாங்க, மறுபடி மீட்டிங் போடறாங்க. இதுக்கு நம்ம ஊர் பஞ்சாயத்து ஆபீஸே மேல்” என்பான்.

குரல் போன அன்று அவன்தான் சொன்னான். “எழுதி வெச்சிருக்கல்ல? குடு, நான் படிச்சிடறேன்.”

அவள் தலையை ஆட்டினாள். வேறு வழியில்லை.

டெட்ராய்ட் முதலிடம், கன்சாஸ் சிட்டி இரண்டு, பால்டிமோர் மூன்று. நேரலையில் சேகர் ஒழுங்காகத்தான் படித்தான். வாஷிங்டன் வந்ததும் நிறுத்திவிட்டான்.

“இவங்க டீம்ல பந்து எறியற பையன் இந்த வருஷம்தான் வந்திருக்கானாம். அதாவது பி பிளேட் மாட்டின பையன். நான் தினம் பார்க்கிற ஆளுங்க. லைசென்ஸ் வாங்கின புதுசுல பயம்னா என்னன்னே தெரியாது. பெரிய லாரியப் பார்த்தா நம்ம காலு பிரேக்குக்குப் போகும், அவன் காலு ஆக்ஸிலேட்டருக்குப் போகும். எழுதி வெச்சுக்கோங்க, டெட்ராய்ட் லாரிய இவன்தான் ஓவர்டேக் பண்ணப் போறான்.”

ஹரிப்பிரியா கேமராவுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினாள். அவன் கவனிக்கவில்லை. ஆறாம் இடத்துக்கு வந்துவிட்டான்.

“பஃபலோ. ஹரியோட உயிர். அத ஆறாவதா போட்டு, ப்ளேஆஃப்ல பால்டிமோர்கிட்ட தோப்பாங்கன்னு எழுதியிருக்கா. ஏன் தெரியுமா? வருஷா வருஷம் பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டு அழுவா. எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. அவ்வளவு அழுதவளுக்கு நம்பறதுக்குப் பயம். நான் அழுததில்ல, அதனால சொல்றேன். பால்டிமோரத் தாண்டுவாங்க. கப்பும் அவங்களுக்குத்தான்.”

அவளுக்குத் தொண்டையில் சத்தம் இருந்திருந்தால் கத்தியிருப்பாள். காற்றுதான் வந்தது.

பஃபலோவை ஆறாவதாக அவள் போட்டது பயத்தால் அல்ல. செப்டம்பரில் அதே பால்டிமோர் அவர்களைப் புரட்டி எடுத்ததை வைத்துக் கணக்குப் போட்டிருந்தாள். இரண்டு வாரம் உட்கார்ந்து செய்த கணக்கு. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை அந்த வீடியோவை, அவளுடைய மொத்த வருடத்துக் கூட்டத்தையும் விட அதிகமானவர்கள் பார்த்திருந்தார்கள். கீழே குவிந்திருந்த கருத்துகளில் பாதி ‘அண்ணா வேற லெவல்’. மீதி ‘அண்ணா திரும்ப எப்ப வருவார்?’

குரல் திரும்பியது. சேகரும் திரும்பத் திரும்ப வந்தான். ஆளாளுக்குக் கேட்டதால் அவள்தான் கூப்பிட்டாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டாள். அவள் கணக்கைச் சொல்வாள், அவன் கதையைச் சொல்வான். அவள் பேசும்போது பார்க்கிறவர்கள் எண்ணிக்கை இறங்குவதும், அவன் வாய் திறந்ததும் ஏறுவதும் திரையின் மூலையில் அவளுக்கு மட்டும் தெரியும். பார்க்கக்கூடாது என்று நினைப்பாள். கண் அங்கேயே போகும்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம் இந்தியக் கடைகள் நிறைந்த ஹாரிஸ் பார்க்கில் ஜிலேபிக்காக வரிசையில் நின்றிருந்தார்கள். இளைஞன் ஒருவன் பாய்ந்து வந்து சேகரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணா! பத்து கஜம் அண்ணாதானே? ஒரு செல்ஃபி அண்ணா!” என்றவன், வெளிச்சம் சரியில்லை என்று போனை ஹரிப்பிரியாவிடம் நீட்டினான். “அக்கா, நீங்க எடுத்துக் குடுங்களேன்.”

எடுத்துக் கொடுத்தாள்.

“நீங்க அண்ணாவோட வைஃபா? உங்களுக்கும் ஃபுட்பால் பிடிக்குமா அக்கா?”

சேகர் பதறிப்போய், “டேய், சேனலே அவங்களுதுப்பா!” என்றான். பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். அந்த மன்னிப்பில்தான் அவளுக்கு இன்னும் அதிகமாக எரிந்தது. ஜிலேபியை அவள் தொடவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு புதிய கணக்கு ஓடத் தொடங்கியது. சேகர் சொன்னவை ஒவ்வொன்றாகப் பொய்க்க வேண்டும். அவன் வாயடைத்துப் போக வேண்டும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாஷிங்டன் ஓர் ஆட்டத்தில் தோற்றால் அன்று சேகருக்கு நெய் ரோஸ்ட் கிடைத்தது. அவனுக்குக் காரணம் தெரியவில்லை, சாப்பிட்டான்.

ஜனவரி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல், அவளுடைய முதலிடமான டெட்ராய்ட்டும் அந்த பி பிளேட் பையனின் வாஷிங்டனும் மோதின. வாஷிங்டன் வென்றது. தட்டுத் தடுமாறி வந்த வெற்றியும் அல்ல, அடித்துத் துவைத்த வெற்றி. ஆட்டம் முடிந்த கையோடு சுபாங்கன் கூப்பிட்டான்.

“அக்கா, அண்ணை என்ன மந்திரவாதியோ? நவம்பரிலயே சொன்னவரெல்லே! நாளைக்கு பஃபலோவும் வெண்டா நான் சிட்னிக்கே வந்து அவருக்கு மாலை போடுவன்.”

“போடு, போடு” என்று சொல்லிவிட்டுப் போனைச் சேகரிடம் கொடுத்தாள்.

மறுநாள் திங்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. திரையில் பஃபலோ மைதானத்தில் பனி விழுந்துகொண்டிருந்தது. எதிரே பால்டிமோர். சேகர் அவளுடைய பழைய பஃபலோ அணி நீலச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். வயிற்றைப் பிடித்திருந்த அந்தச் சட்டையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி இரண்டு நிமிடத்தில் பால்டிமோர் பாய்ந்து வந்து, பந்தை எல்லைக்கோட்டுக்குள் சேர்த்து டச் டவுன் போட்டது. இப்போது பஃபலோ இரண்டே புள்ளி முன்னால். டச் டவுன் போட்டதால் பால்டிமோருக்கு இரண்டு புள்ளிக்கான கூடுதல் முயற்சி ஒன்று உண்டு. பந்து எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் ஆட்டம் சமன். பந்து பறந்தது. அவர்களுடைய ஆள் தனியாகத்தான் நின்றான். பந்து அவன் கைக்கே வந்தது. நழுவி விழுந்தது.

“சே!” என்று தொடையில் அறைந்தாள் ஹரிப்பிரியா.

வாயிலிருந்து வந்துவிட்டது. திரையில் எழுபதாயிரம் பேர் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கிழவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பாதி எழுந்த சேகர் அப்படியே அவள் பக்கம் திரும்பினான்.

“ஹரி... ஜெயிச்சது உன் டீம்.”

அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய், காய்ந்திருந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருடமாக இப்படி ஒரு நாளுக்குத்தானே காத்திருந்தோம், அது வந்தபோது எதிரிக்காக அல்லவா தொடையில் அடித்துக்கொண்டோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கே அவளைக் கண்டு அருவருப்பாக இருந்தது.

சேகர் வந்து கொடிக்குப் பக்கத்தில் நின்றான். “நான் வேணா இனிமே வரலைன்னு சொல்லிடட்டுமா?”

“நீ விட்டுக்குடுத்து எனக்குக் கிடைக்க வேண்டாம்.”

“அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?”

“தெரியல. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?”

அடுத்த திங்கள் பொது விடுமுறை. பஃபலோவுக்கும் கன்சாஸ் சிட்டிக்கும் ஆட்டம். வென்றால் இறுதி ஆட்டம். அந்த முறை அவள் தன் அணியின் பக்கம் நிற்க வேண்டுமென்று தீர்மானித்து உட்கார்ந்தாள். மனம் பாதிதான் வந்தது. பஃபலோ மூன்றே புள்ளியில் தோற்றது.

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ‘பாவம் அண்ணா.’ ‘அண்ணா மனசு விட்டுடாதீங்க.’ ‘அண்ணாவுக்காகவாவது ஜெயிச்சிருக்கலாம்.’ அவளுக்கு ஒருவரும் எழுதவில்லை. பன்னிரண்டு வருடம் அவள் அழுத அழுகைக்கு, மூன்று மாதம் முன்னால் வந்தவனிடம் போய் துக்கம் விசாரித்தார்கள்.

சேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை.

“நீ எதுக்கு அழற? அது என்னோடது.”

“எது?”

“அழறது!”

சேகர் அவளை வெறித்துப் பார்த்தான். அவன் கோபப்படுகிறவன் அல்ல. அன்று குரல் உயர்ந்தது. “உன்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டா அழணும்? சும்மா வாய் அடிக்கத்தான் வந்தேன். இப்ப நெஜமாவே வலிக்குதுடி. உன்னாலதான் வலிக்குது. நீ பார்க்கறதப் பார்த்துத்தான் எனக்கும் வந்துது.”

வருடக்கணக்காக இதைத்தானே அவள் விரும்பினாள், இவனும் இந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று. கெஞ்சியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள். ஆசை நிறைவேறிய பிறகும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. ஆனாலும் போய்க் காபி போட்டு அவன் முன்னால் வைத்தாள். இருவரும் குடித்தார்கள்.

இறுதி ஆட்டத்துக்கான ஆரூடத்தை அவள் தனியாகச் செய்தாள். கன்சாஸ் சிட்டி என்றாள். பிலடெல்பியா வென்றது. பார்த்தவர்களும் குறைவு, கருத்துகளில் பாதி ‘அண்ணா எங்கே?’ என்பதாகவே இருந்தன.

மார்ச்சில் அவளே பேச்சை எடுத்தாள்.

“வர்ற சீசன்ல நீயும் வா. ஆனா நான் எழுதறதப் படிச்சிட்டு நடுவுல கதை விடக்கூடாது. உன் தரவரிசைய நீயே போடு. முப்பத்திரண்டும் போடணும். தப்பாப் போனா நான் விடமாட்டேன்.”

“சண்டை போடலாம்ங்கற?”

“ஆமா. எல்லார் முன்னாடியும்.”

அப்படித்தான் ஆனது. அவன் தரவரிசை போடுவதற்காக ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தான். அவள் அவனை மடக்கினாள். அவன் மடங்கிவிட்டு அவளைக் கிண்டல் செய்தான். கூட்டம் கூடியது. அவள் பேசும்போதும் எண்ணிக்கை இறங்கவில்லை. எரிச்சல் முழுவதும் போய்விட்டதா என்றால் இல்லை. ‘அண்ணா’ என்று நீளமாக எழுதுகிறவர்களைப் பார்த்தால் இன்னமும் அவளுக்கு ஓர் இடத்தில் சுருக்கென்று குத்தும். ஆனால் இப்போது அதைக் கேமரா முன்னாலேயே அவன்மேல் காட்ட முடிந்தது.

செப்டம்பரில் புது சீசன். முதல் வாரமே பஃபலோவும் பால்டிமோரும். இந்த முறை பஃபலோவை மேலே போட்டவள் அவள். சேகர் பால்டிமோரைப் போட்டிருந்தான். கடைசி நாலு நிமிடம் இருக்கும்போது பஃபலோ பதினைந்து புள்ளி பின்னால் இருந்தது.

“முடிஞ்சுது ஹரி. நீ போட்டது புட்டுக்கிச்சு” என்று கையைத் தட்டிவிட்டு எழுந்தான் சேகர். வாசலில் பாடத்துக்கு வந்த பெண் காத்திருந்தாள். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஹரிப்பிரியா நகரவில்லை. பஃபலோ ஒரு டச் டவுன் போட்டது. எதிரியின் கையிலிருந்து பந்து தெறித்தது. இன்னொரு டச் டவுன். இப்போது இரண்டே புள்ளி பின்னால். அவள் சோபாவை விட்டு இறங்கித் திரைக்கு ஒரு முழம் முன்னால் மண்டி போட்டிருந்தாள். போன் பக்கத்திலேயே இருந்தது. கூப்பிட்டால் சேகர் காரை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டிருப்பான்.

அவள் கூப்பிடவில்லை.

நேரம் முடிகிற நொடியில் மூன்று புள்ளிக்காக உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. ஒரே ஒரு புள்ளியில் பஃபலோ வென்றது. ஹரிப்பிரியா கூச்சலிட்டாள், வீடு முழுக்க ஓடினாள், மூச்சு வாங்க நின்று சிரித்தாள், அழுதாள். குழாயைத் திறந்துவிடவில்லை.

பாடம் முடிந்து வந்த சேகர் விஷயம் தெரிந்து வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அடிப்பாவி! ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

“பண்ணியிருக்கலாம்” என்றாள் அவள். “வா, மறுபடி போடறேன், உக்காந்து பாரு. ஆனா என் சட்டையக் கேக்காத.”