தாய்க் கணினியில் தங்கிவிட்ட பகலவன்

நன்னிலத்துப் பகலவன், வயது நாற்பத்தொன்று, வாழ்நாளில் ஒரு தவறும் செய்ததில்லை. இதைச் சொல்வது நானல்ல, அவர்தான். சிறுவயதில் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தார். அது சாலையை ஒட்டி வெட்டப்பட்ட வாய்க்காலின் தவறு. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு கவிழ்த்தது. அது வினாத்தாளின் தவறு. ஊரார் வயலில் நடவும் அறுப்புமாக உழைத்த அப்பா சாமிதுரை, அப்படியும் மகனைப் பட்டதாரியாக்கினார். இன்று மகன் தஞ்சாவூரில் உள்ள ஒரு கிளவுட் கம்பெனிக்கு வீட்டு மாடியிலிருந்தே வேலை பார்க்கிறார்.

அவர் தொழில் ஏறக்குறைய பிரம்மாவின் தொழில். எங்கோ இருக்கும் பெரிய இயந்திரங்களுக்குள் கையில் பிடிபடாத சின்னக் கணினிகளைப் படைத்து வாடகைக்கு விட வேண்டும். முதலில் ஒரு தாய்க் கணினியைத் தயார் செய்து டெம்ப்ளேட்டாக உறைய வைப்பார்கள். பிறகு அதே அச்சில் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். தாயிடம் இருப்பது எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும்; இல்லாதது ஒன்றிடமும் இருக்காது.

குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு செப்டம்பர் காலை. மதியம் இரண்டு மணிக்கு மாதிரித் தேர்வு நடத்தவிருந்த ஒரு பயிற்சி மையத்துக்கு அறுபது கணினிகள் கொடுத்திருந்தார்கள். அறுபதும் திறந்தன. ஒன்றுகூட நெட்வொர்க்கைத் தொடவில்லை.

பகலவனுக்குப் பத்தே நிமிடத்தில் காரணம் பிடிபட்டது. கம்பெனி புதிய தளத்துக்கு மாறியிருந்தது. அங்குள்ள நெட்வொர்க் கார்டுக்கென்று டிரைவர் என்ற தனி மென்பொருள் உண்டு. அதைத் தாய்க் கணினியில் போட்டால்தான் பிள்ளைகளுக்கு அந்தக் கார்டு கண்ணில் படும். போடவில்லை. போட வேண்டியவர் பகலவன். ஆனால் அலுவலகத்தில் நான்கு பேரும் ஒரே பயனர் பெயரில் நுழைவதால், செய்தது யார் என்று எந்தப் பதிவும் சொல்லாது. ஒழுக்கமான மனிதனுக்கு இதைவிடப் பெரிய சோதனை வரக்கூடாது.

முதல் வேலையாக மையத்துக்கு ஒரு விளக்க மெயில் அனுப்பிவிட்டு, ஒன்பதரை மணி வீடியோ கூட்டத்தில் உட்கார்ந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்றார் மேலாளர் ரெமிஜியஸ்.

"டிரைவர் இல்லாம டெம்ப்ளேட் போட்டிருக்காங்க சார்."

"போட்டிருக்காங்கன்னா, யாரு?"

"ஒருத்தர் பேரைச் சொல்றது எனக்குப் பிடிக்காது சார். தஹ்மீனாதான்."

தஹ்மீனா நாகூர்ப் பெண். சேர்ந்து இரண்டு மாதம். வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் நாள் அன்றுதான்.

"சார், நான் டெம்ப்ளேட் பக்கமே போனதில்ல சார்."

"பயப்படாதீங்கம்மா. தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்" என்று பகலவன் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

"சரி, ஒரு மிஷினைத் திறந்து காட்டுங்கம்மா" என்றார் ரெமிஜியஸ்.

தஹ்மீனா திறந்தார். திரையின் மூலையில், நெட்வொர்க் இல்லை என்கிற குறி. மீதித் திரை முழுக்கப் பகலவன். கறுப்புக் கண்ணாடி, காதில் போன், தொலைவில் எதையோ கண்டுகொண்ட பார்வை. தலைக்கு மேல், 'நன்னிலம் ஈன்ற மேகக் கணினி வேந்தே!' காலடியில், 'புதுமனை புகுவிழா' என்ற எழுத்தும் பிப்ரவரி மாதத் தேதியும், வாழ்த்தும் நண்பர்கள் பதினோரு பேரின் வட்ட முகங்களும்.

எங்கள் பக்கம் பிளெக்ஸ் இல்லாமல் எந்த விசேஷமும் செல்லாது. தன் பிளெக்ஸ் மீது பகலவனுக்குத் தனிப் பிரியம். தாய்க் கணினியைத் தயார் செய்தபோது, வேலையில் ஊக்கம் வரட்டும் என்று அதையே திரையில் ஒட்டியிருந்தார். எடுக்காமலே உறைய வைத்துவிட்டார்.

"அடுத்தது?" என்றார் ரெமிஜியஸ். அதிலும் வேந்தர். அதற்கடுத்ததிலும்.

"நீங்க எப்பம்மா சேந்தீங்க?"

"ஜூலைல சார்."

"ம். கண்ணாடி நல்லாதாங்க இருக்கு பகலவன்."

மையத்தார் காலையிலேயே அறுபதையும் பார்த்திருந்தார்கள். யாரோ வேட்பாளர், கணினியிலும் விளம்பரம் வைக்கிறார் போலிருக்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டார்களாம்.

தாய்க் கணினியைத் திறந்து, டிரைவரைப் போட்டு, வேந்தரை இறக்கி, மறுபடி உறைய வைத்து, அறுபதையும் புதிதாக எடுத்து முடிக்கையில் மணி பன்னிரண்டு. இரண்டு மணித் தேர்வு பிழைத்தது. ரெமிஜியஸ் போனில் வந்தார்.

"காலைல மையத்துக்கு அனுப்பின மெயில்ல அந்தப் பொண்ணு பேரை எழுதியிருக்கீங்க. எம்.டி.க்கும் காப்பி போயிருக்கு. அவரு சாயங்காலம் முடிவு பண்றாரு. நான் எடுத்துச் சொல்ல மாட்டேன். நீங்களே எழுதுங்க."

பகலவன் எழுதினார். 'தவிர்க்க இயலாத சூழலில் ஒரு தவறு நேர்ந்துள்ளது.' பள்ளி ஆசிரியையான மனைவி கலைமகள், சாப்பிடக் கூப்பிட வந்தவர், எட்டிப் பார்த்தார்.

"அதுவா வந்து நேர்ந்துச்சாங்க?"

"ஆபீஸ் மெயில்னா இப்படித்தான்."

"என் கிளாஸ் பசங்களும் இப்படித்தான் சொல்லுவாங்க. ஜன்னல் உடைஞ்சிருச்சு டீச்சர்னு. கையில பந்து இருக்கும்."

மூன்று முறை அழித்தார். சோறு ஆறியது. நாலாம் முறை எழுதினார்: 'டிரைவர் போடாமல் விட்டது நான். தெரிந்தே தஹ்மீனா பெயரைச் சொன்னதும் நான்.' நாற்பத்தொரு ஆண்டுகளில் முதல் முறை என்பதால் விரல் பொத்தானுக்கு வழி தெரியாமல் நின்றது. பிறகு அழுத்தியது; எம்.டி.யோடு தஹ்மீனாவுக்கும் ஒரு காப்பி போனது.

மூன்று மணிக்கு தஹ்மீனா அழைத்தார். திட்டுவார் என்று பகலவன் நம்பினார். திட்டினால் கொஞ்சம் சௌகரியமாக இருக்கும்.

"சார், மெயில் பாத்தேன்."

"ம்மா..."

"வேலை போயிடும்போலன்னு காலைலயே வாப்பாகிட்ட சொல்லிட்டேன். சாப்பிடாமப் படுத்திருக்காங்க. இப்ப போயி எழுப்பி, அந்த மெயிலைப் படிச்சுக் காட்டலாமா சார்?"

பகலவன் தலையை ஆட்டினார். போனில் அது தெரியாது என்பது கொஞ்ச நேரம் கழித்தே உறைத்தது.

"காட்டும்மா" என்றார்.