கால் மணி முன்னால் வந்த வண்டி

காலையில் எங்களை வேலைக்கு ஏற்றிவரும் பனியன் கம்பெனி வண்டி இனிமேல் கால் மணி நேரம் முன்னால் வரும் என்பது எங்கள் நிர்வாகம் எடுத்த வரலாற்று முடிவு. ஷிப்மென்ட் அவசரத்தை முன்னிட்டு அதிகாரிகள் இரண்டு சுற்று டீ குடித்து, ஆழ்ந்து யோசித்து எடுத்தது. தமிழிலும் இந்தியிலும் அச்சடித்து வாசலில் ஒட்டினார்கள். அதே வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. செக்கிங் பிரிவு ஸ்டெல்லா கண் விழிக்காமலே போய்விட்டாள்.

உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். திருச்செந்தூர் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது, வேலம்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஐந்தாம் வகுப்பிலிருந்தே இன்சுலின். வெள்ளைப் பனியனில் கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். பேக்கிங் மேசையில் இருக்கும் என்னை அண்ணாச்சி என்பாள்.

ஆயுத பூஜையன்று எல்லோருக்கும் பொரியும் லட்டும் பொட்டலம் கட்டினோம். அவளோடு ஒரே மேசையில் வேலை பார்க்கும் சரசக்கா, அவள் பொட்டலத்திலிருந்து மட்டும் லட்டை எடுத்துவிட்டு இன்னொரு கை பொரி போட்டிருந்தார்.

"யக்கா, என் லட்டு எங்க?"

"சுகர் இருக்கற புள்ளைக்கு லட்டு ஆகாது கண்ணு."

"கூடுனா மெதுவாக் கொல்லும், குறைஞ்சா ஒடனே கொல்லும். குறையும்போது இனிப்புதான் மருந்து. நான் உளற ஆரம்பிச்சா குடுப்பியளா?"

"நீ எப்பத்தான் உளறாம இருந்தே?"

எல்லோரும் சிரித்தோம். லட்டு வரவில்லை.

ஒரு மதியம் அவள் ஒரே பனியனைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. என்ன என்று கேட்டால் சிரிப்பு மட்டும் வந்தது. அவள் பையிலிருந்த ஆரஞ்சு மிட்டாய்களை எடுத்துக் கொடுத்தேன். தெளிந்தபின் சொன்னாள்: "குறையும்போது பயமே வராது அண்ணாச்சி. பனியன் எல்லாம் கொக்கு மாதிரி எந்திரிச்சுப் பறக்கும். லைட்டு தண்ணிக்குள்ள எரியுத மாதிரி இருக்கும். நல்லா இருக்கும், பாத்துக்கிடுங்க. அதான் மோசம்."

வண்டி நேரம் மாறிய முதல் நாள் அவள் ஊசி போட்டு முடித்திருந்தாள். கீழே ஹாரன் அடித்தது. ஊசி போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும் என்பது ஹாரனுக்குத் தெரியாது. அறைத்தோழி பிறகு பார்த்தபோது இட்லி மூடியபடியே இருந்தது.

மார்கழிப் பனியில் சாலை வெள்ளையாக இருந்ததாம். ஜன்னலோரம் சாய்ந்தவளைத் தூங்குகிறாள் என்றே நினைத்தார்கள். டிரைவர் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். சரசக்கா அவள் தலையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். பின்சீட்டில் பேசியவர்களை யாரோ அதட்டினார்கள். எங்கள் வண்டி அவ்வளவு அமைதியாக ஒருநாளும் போனதில்லை. கம்பெனி வாசலில் எழுப்பியபோது அவள் எழவில்லை.

"வண்டியில தூக்கக் கலக்கத்துல மிட்டாயப் பிரிக்கப் பாத்துச்சுங்க," என்றார் சரசக்கா, போன் வந்த அன்று. "சுகர் இருக்கற புள்ள, காலங்காத்தால இனிப்பான்னு நான்தான் அது கையில இருந்து வாங்கிப் பையில போட்டேன். ஏனுங்க, நான் என்ன பண்ணிட்டனுங்க?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஸ்டெல்லாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்தக் கொக்குகள். வெள்ளைப் பனியன் கட்டு மேசைக்கு வரும்போதெல்லாம், பிரிக்கும் முன் ஒரு கணம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டைப் பையில் ஆரஞ்சு மிட்டாய் வைத்திருக்கிறேன். சரசக்காவும் வைத்திருக்கிறார்.

ஷிப்மென்ட் போய்விட்டது. வண்டி இப்போது பழைய நேரத்துக்கே வருகிறது.